பத்தொன்பது மாத்திரைகளும் நாற்பது கப்சூல்களும்

கொழும்பு
20.01.1998

மரகதம்,

சுகம் விசாரித்துத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. உன் பொங்கல் வாழ்த்து மடல் நேற்றுக் கடைக்கு வந்தது. பானையும் கரும்பும் போட்ட படத்துக்குக் கீழே நீ எழுதியிருந்த இரண்டு வரியை ஏழெட்டுத் தடவை படித்தேன். “மூன்று மாதம் ஆகிறது. பசறை மருத்துவிச்சி அம்மா உறுதி என்று சொல்லிவிட்டார்.” கையில் இருந்த மருந்துப் போத்தல் கீழே விழுந்து உடைந்தது. என்ன ஏது என்று முதலாளி கேட்டார். தலை சுற்றுகிறது என்றேன். அது பொய்யும் இல்லை.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. ஆனால் ஆறு வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறவன். கொழும்பில் ஓர் அறையாவது எடுத்து உன்னைக் கூட்டி வந்த பிறகுதான் பிள்ளை என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். அதற்காகத்தான் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே கர்ப்பத்தடை மாத்திரை அனுப்பி வைத்தேன். லீவில் வந்து நின்ற ஆறு நாளும், காலை ஏழு மணிக்கு என் கையாலேயே மாத்திரையைப் பிரித்துச் சாயத்தண்ணியோடு உன்னிடம் தந்தேன். நீ விழுங்கியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நவம்பர் இரண்டாம் திகதி பஸ் ஏறும்போது, நான் இல்லாதபோது எதற்கு வீணாக என்று நிறுத்தச் சொன்னதும் நான்தான். அதுவரை பத்தொன்பது மாத்திரை விழுங்கியிருந்தாய்.

இப்போது நீயே யோசித்துப் பார். நான் இருந்த நாளெல்லாம் பூட்டுப் போட்டிருந்தது. நான் போன பிறகுதான் பூட்டுத் திறந்தது. அப்படியென்றால் இந்தப் பிள்ளை எந்த நாளைச் சேர்ந்தது?

கொழும்புக்கு மரக்கறி ஏற்றுகிற ஷுக்ரி நானா லொறியை நம் லயத்து வீடுகள் பக்கம் நிறுத்துகிறார் என்று அம்மா முன்பு ஒரு தடவை சொன்னாள். அப்போது சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அம்மாவுக்கும் இதே தபாலில் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். நீ உண்மையை எழுது.

சுரேஸ்


கொஸ்லந்த
29.01.1998

சுரேஸ் அவர்களுக்கு,

அன்புள்ள அத்தானுக்கு என்று எழுதிப் பழகிய கை. இன்றைக்கு அதை அடக்கி வைத்திருக்கிறேன். நான் இப்போது பசறையில் இல்லை. கொஸ்லந்தவில் என் அம்மா வீட்டில் இருக்கிறேன். ஏன் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுவீர்கள். சொல்கிறேன்.

அத்தைக்கு எழுத்துத் தெரியாது. அவருக்கு வரும் கடிதத்தைத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துத் தலைவர்தான் படித்துச் சொல்வார். இது உங்களுக்குத் தெரியாத செய்தி இல்லை, நீங்கள் பிறந்து வளர்ந்த லயம் அது. ஞாயிற்றுக்கிழமை பீலியில் எல்லோரும் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தலைவர் உங்கள் கடிதத்தைப் பிரித்தார். சங்க அறிவித்தல் படிக்கும் அதே குரலில்தான் படித்தார். அவருக்கு வேறு குரல் கிடையாது. பூட்டு என்று நீங்கள் எழுதியிருந்த இடம் வந்தபோது இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் வாளியோடு ஏழடி தள்ளி நின்றேன். வாளி நிரம்பி என் காலில் வழிந்தது எனக்குத் தெரியவில்லை, பக்கத்தில் நின்றவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அத்தை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எம் மகன் பொய் எழுத மாட்டான். ஒம் பொட்டியத் தூக்கிக்கிட்டுக் கெளம்பு” என்றார். நான் உள்ளே போவதற்குள் றங்குப்பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. பண்டாரவளையில் பஸ் மாறி இங்கே வந்து சேர்ந்தபோது என் அம்மா நல்லம்மா ஒன்றும் கேட்காமல் சோறு போட்டார். சாப்பிட்டு முடித்த பிறகுதான், “என்னடி ஆச்சு?” என்றார்.

ஷுக்ரி நானாவுக்கு அறுபத்து நான்கு வயது. நீங்கள் அனுப்பிய பார்சலைத் தர மட்டுமே லயத்துக்கு வந்தார். வாசற்படிக்கு மேல் ஒரு நாளும் ஏறியதில்லை. அந்த மனிதர் இனி எங்கள் பக்கம் லொறியை நிறுத்த மாட்டார் என்று கேள்விப்பட்டேன். நல்லது செய்யப் போய்ப் பெயர் கெட்டதுதான் மிச்சம்.

மாதம் தள்ளிப் போனபோது, மாத்திரையை இடையில் நிறுத்தியதால் என்று நினைத்தேன். மருத்துவிச்சி அம்மா சொன்ன அன்று எனக்கும் தலையில் இடி விழுந்த மாதிரித்தான் இருந்தது. எப்படி என்று எனக்கும் விளங்கவில்லை. ஆனால் யாருடையது என்று எனக்குத் தெரியும். உண்மையை எழுது என்றீர்கள், எழுதிவிட்டேன். வேறு உண்மை என் கைவசம் இல்லை.

மரகதம்


கொழும்பு
07.02.1998

மரகதம்,

அம்மா உன்னை வெளியே அனுப்புவாள் என்று நான் நினைக்கவில்லை. தலைவர் எல்லோர் முன்னும் படிப்பார் என்றும் நினைக்கவில்லை. கோபத்தில் எழுதினேன், அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கோபம் வேறு, நடந்தது வேறு. கடையில் மாத்திரை வாங்கும் பெண்கள் மாதாமாதம் திரும்பி வருகிறார்கள். மருந்து தப்பிவிட்டது என்று ஒருத்தி சொல்லி நான் கேட்டதில்லை. என் கண் எதிரே நீ விழுங்கினாய். என் கண்ணையே நான் நம்பக்கூடாதா? நேரில் வந்து பேசலாம் என்றால், யுத்தம் என்று இங்கே சந்திக்குச் சந்தி ஆமிச் சோதனை. வடக்கு இல்லை, பதுளை ஆள் என்று அடையாள அட்டையைக் காட்டினாலும் அரை மணி நேரம் நிற்க வைக்கிறார்கள்.

அந்த மருந்து எப்படித் தப்பியது என்று யாராவது ஒரு டாக்டர் சொல்லட்டும், கேட்கிறேன். அதுவரைக்கும் இந்தப் பிள்ளைக்கு என் பெயரைத் தர என்னால் முடியாது. எனக்கும் இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சுரேஸ்


கொஸ்லந்த
24.02.1998

சுரேஸ் அவர்களுக்கு,

ஆறு வருஷம் மருந்துக்கடையில் நின்றால் எல்லாம் தெரிந்துவிடும் என்றால், ஆஸ்பத்திரிக் காவல்காரர் இதற்குள் ஆப்பரேஷன் செய்திருக்க வேண்டும். இதைக் கேலிக்கு எழுதவில்லை. இனி வருவதை மெதுவாகப் படியுங்கள். 

போன வியாழக்கிழமை பதுளை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனேன். குணமணி என்று ஒரு பெண் டாக்டர், யாழ்ப்பாணத்துக்காரர். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஒக்டோபர் கடைசியில் தங்கிய பிள்ளை, பத்து நாள் முன்னே பின்னே இருக்கலாம் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாத்திரை, தீபாவளி, பீலி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

“அந்த நாளில வேற ஏதும் மருந்து குடிச்சனீரோ?”

காலில் அட்டை கடித்த இடம் புண்ணாகிச் சீழ் பிடித்திருந்ததும், நான் நொண்டி நொண்டித் தேயிலைக் கொழுந்து எடுத்ததும் அப்போதே உங்களுக்கு எழுதியிருந்தேன், நினைவிருக்கும். தோட்டத்து டிஸ்பென்சரியில் தருகிற வெள்ளைக் களிம்பில் ஒன்றும் ஆகாது என்று, ஷுக்ரி நானாவிடம் கப்சூல் கொடுத்தனுப்பினீர்கள். நாளுக்கு நாலு, பத்து நாள், ஒன்றுகூடத் தவறக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள். நானும் தவறவிடவில்லை. நீங்கள் வந்தபோது இன்னும் நாலு நாள் மருந்து மிச்சம் இருந்தது. எனக்கு வயிற்றாலும் போய்க்கொண்டிருந்தது. தீபாவளிப் பலகாரத்தை அளவில்லாமல் தின்றால் இப்படித்தான் என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

கப்சூலின் நிறத்தைச் சொன்னதும் டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “அம்பிசிலின். பத்து நாளோ?” என்றார். பிறகு ஒரு துண்டுக் கடதாசியில் ஈரலையும் குடலையும் படம் போட்டுக் காட்டினார். அவர் சொன்னதை முடிந்த அளவு அப்படியே எழுதுகிறேன்.

“இஞ்ச பாரும் பிள்ளை. கிருமி எண்டால் எல்லாம் கூடாதது எண்டு நினைக்காதேயும். எங்கட குடலுக்குள்ள கோடிக்கணக்கில இருக்கு, அதுகள் எங்களுக்கு வேலை செய்யுதுகள். நீர் விழுங்கின மாத்திரையில இருக்கிறது பெண் ஓமோன். அது ரத்தத்தில கலந்து ஈரலுக்குப் போகும். ஈரல் அதில ஒரு பங்கைக் கட்டிப்போட்டு, பித்தத்தோட திரும்பக் குடலுக்குள்ள விடும். குடல் கிருமியள் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுதுகள். அவிழ்ந்தது திரும்ப ரத்தத்துக்குப் போய் வேலை செய்யும். உம்மட உடம்பு தானாச் சுரக்கிற ஓமோனும் இப்பிடித்தான் சுத்துது. கப்சூல் புண்ணில இருந்த கிருமியை மட்டும் கொல்லேல்லை. குடலில இருந்ததுகளையும் சாகடிச்சிருக்கும். அவிழ்க்க ஆள் இல்லாட்டி மருந்து கட்டோடயே வெளியில போயிடும். வயித்தாலயும் போயிருக்கு. மாத்திரை உடம்பில தங்கினதோ எண்டதே சந்தேகம்.”

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் வராத நாளில் கொழுந்து செடியிலேயே முற்றிப்போகிற மாதிரி என்று எனக்கு விளங்கியது. என் வயிற்றுக்குள் இத்தனை உயிர்கள் இருந்து என் மாதத்தையும் என் கருப்பையையும் நடத்திக்கொண்டிருந்தன என்று இருபத்து நான்கு வயது வரைக்கும் எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. அவை செத்ததும் எனக்குத் தெரியாது. 

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். இப்படித்தான் நடந்தது என்று எழுதித் தருவீர்களா என்று டாக்டரிடம் கேட்டேன். “அப்பிடி என்னால சத்தியம் பண்ணேலாது. கனபேருக்கு ஒண்டும் நடக்கிறேல்லை. சிலபேருக்கு நடக்கிறதெண்டு சொல்லினம். நடந்திருக்கலாம் எண்டு மட்டும் எழுதித் தாறன்” என்றார். அவர் எழுதித் தந்த துண்டை இதனோடு வைத்திருக்கிறேன். பத்திரமாகத் திருப்பி அனுப்புங்கள்.

மாத்திரையை விழுங்கியதை உங்கள் கண்ணால் பார்த்தீர்கள், சரி. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

மரகதம்


கொழும்பு
05.03.1998

அன்புள்ள மரகதம்,

கடிதத்தைக் கடையின் பின்னால் ஸ்டோர் அறையில் நின்று படித்தேன்.  அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன். என்ன பெட்டி என்று பார்த்தால் அதே கப்சூல்.

கப்சூல் பெட்டிக்குள் மடித்த கடதாசி ஒன்று வரும். நாங்கள் சில்லறையாக எண்ணி உறையில் போட்டுக் கொடுப்பதால் அதை யாரும் வாடிக்கையாளருக்குக் கொடுப்பதில்லை. பெட்டியை உடைத்ததும் முதலில் அதைக் கசக்கிக் குப்பையில் போடுவது என் வேலை. ஆறு வருஷமாக எத்தனை நூறு கடதாசி கசக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு ஒன்றைப் பிரித்தேன். முழுவதும் இங்கிலீஷ், பொடி எழுத்து. எங்கள் கடை மருந்தாளர் ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்து, நடுவில் ஒரு வரியில் விரலை வைத்தார். கர்ப்பத்தடை மாத்திரையின் பலனை இது குறைக்கக்கூடும், வேறு பாதுகாப்பும் தேவை என்று போட்டிருக்கிறதாம்.

“ஏன் தம்பி, இது உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டார். 

புண் ஆற வேண்டும் என்று கப்சூலை அனுப்பியவன் நான். ஒன்றுகூடத் தவறக்கூடாது என்று எழுதியவன் நான். காலையில் மாத்திரையும் தந்து, அதைக் கெடுக்கிற மருந்தையும் சேர்த்துத் தந்த கை என் கை. வயிற்றாலே போனதற்குச் சிரித்தவனும் நான்தான். என் விரலாலேயே என் கண்ணைக் குத்திக்கொண்டு, குத்தியது யார் என்று உன்னைக் கேட்டிருக்கிறேன்.

நேற்று ஒரு பெண் வந்தாள். டாக்டர் எழுதிய இரண்டு துண்டு நீட்டினாள், ஒன்று கர்ப்பத்தடை மாத்திரைக்கு, ஒன்று கப்சூலுக்கு. வழக்கம் போல் எடுக்கப் போன கை நின்றுவிட்டது. மருந்தாளர் ஐயாவைக் கூப்பிட்டேன். இதற்கு முன் இப்படி எத்தனை பேருக்கு ஒரே உறையில் போட்டுக் கொடுத்தேனோ, அவர்கள் வீட்டில் என்ன நடந்ததோ. இராப்பகலாக இதே நினைப்பு.

என்னை மன்னித்துவிடு. பசறைக்குத் திரும்பிப் போ. அம்மாவிடம் நான் சொல்கிறேன்.

உன் சுரேஸ்


கொஸ்லந்த
16.03.1998

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். என் அம்மா, “அதான் மன்னிப்புக் கேட்டுட்டாரே, போயேண்டி” என்கிறார். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. மூன்று நாள் யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

மன்னிப்பை என்னிடம் மடித்து ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். குற்றச்சாட்டைப் பீலியில் வைத்துப் படித்தார்கள். நான் திரும்பிப் போனால் அதே பீலியில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. ஆகவே அத்தைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தலைவரே படிக்கட்டும், அதே இடத்தில், அதே சத்தத்தில். பிள்ளை என்னுடையது, மரகதத்தின் மேல் பழி இல்லை, ஷுக்ரி நானாவின் மேலும் இல்லை என்று எழுதுங்கள். இதைத் தவிர உங்களிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

மரகதம்


கொழும்பு
12.04.1998

அன்புள்ள மரகதம்,

நீ சொன்னபடி எழுதினேன். முழுவதும் நீ சொன்னபடி என்று சொல்ல முடியாது. குடல், மாத்திரை என்றெல்லாம் அத்தனை பேர் முன்னால் படிக்கும்படி எழுத வெட்கமாக இருந்தது. “மருந்துக் கோளாறினால் இப்படி நடந்திருக்கலாம் என்று பதுளை டாக்டர் சொல்கிறார், அதனால் மரகதத்தை ஏற்றுக்கொள்ளவும்” என்று சுருக்கமாக எழுதிவிட்டேன்.

தலைவர் அம்மாவுக்காகப் பதில் எழுதியிருக்கிறார். இருக்கலாம் என்றால் இல்லாமலும் இருக்கலாம்தானே என்று யாரோ கேட்டார்களாம்.  அம்மா இன்னும் யோசிக்கிறாளாம்.

நீ கோபிக்காதே. டாக்டரே சத்தியம் பண்ண முடியாது என்கிறார். அவரைவிடக் கூடுதலாக நான் எப்படி எழுதுவது? என் மனதில் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் சில நேரம் ஸ்கேனில் சொன்ன அந்தப் பத்து நாளை, அதில் நான் பஸ் ஏறிய பிறகு வரும் நாட்களை, நினைத்துக்கொள்கிறேன். அதை மறைக்காமல் எழுதுவதுதான் நேர்மை என்று எழுதுகிறேன்.

சித்திரை வருஷப் பிறப்புக்குப் புடவை ஒன்று அனுப்பியிருக்கிறேன். டாக்டரின் துண்டையும் அதற்குள் வைத்திருக்கிறேன்.

உன் சுரேஸ்


கொஸ்லந்த
03.08.1998

சுரேஸ் அவர்களுக்கு,

சித்திரையில் இருந்து நீங்கள் எழுதிய ஐந்து கடிதத்துக்கும் நான் பதில் போடவில்லை. புடவை பெட்டியில் இருக்கிறது, கட்டவில்லை. ஜூலை இருபத்தோராம் திகதி பெண் பிள்ளை பிறந்தாள். ஆறு றாத்தல். இருவரும் சுகம்.

பிரசவத்துக்குப் பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. அதே நிறக் கப்சூலை நேர்ஸ் கொண்டுவந்து நீட்டினார். நான் வாங்காமல் கையை இழுத்துக்கொண்டதைப் பார்த்துக் குணமணி டாக்டரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “இது தேவை பிள்ளை, பயப்பிடாமக் குடியும். மருந்தில பிழை இல்லை. சொல்லாமக் குடுக்கிறதிலதான் பிழை” என்றார். குடித்தேன்.

நீங்கள் செய்த மருந்துப் பிழையை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். தெரியாமல் செய்தது அது. நோயைத் தீர்க்க நினைத்துச் செய்தது. ஸ்கேனில் சொன்ன பத்து நாளை நினைத்துக்கொள்கிறேன் என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. டாக்டர் என்னை முன்பின் அறியாதவர். ஆராய்ச்சியில் தெரிந்ததைத்தான் அவர் சொல்ல முடியும். நீங்கள் என்னோடு குடும்பம் நடத்தியவர். அவருடைய வார்த்தையை இரவல் வாங்கி ஊருக்கு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வார்த்தை என்று ஒன்று அதில் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிறப்பைப் பதிய நாற்பத்திரண்டு நாள் தவணை. நமக்குக் கோயிலில் தாலி கட்டினார்கள், சட்டப்படி பதிவு செய்யும் எழுத்துக் கல்யாணத்தைப் பிறகு பார்க்கலாம் என்றீர்கள். ஆகவே நான் மட்டும் போய்ச் சொன்னால் தகப்பன் பெயரைப் பதிய மாட்டார்களாம். தகப்பன் நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டுமாம். பிரஜாவுரிமைக் கடதாசி இல்லாமல் நம் அப்பாமார் இந்த நாட்டில் எப்படி அலைந்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என் பிள்ளை அரைகுறைக் கடதாசியோடு வளரக்கூடாது.

இந்த மாதம் இருபத்தாறாம் திகதி, புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்குப் பதுளைப் பதிவாளர் அலுவலக வாசலில் பிள்ளையோடு நிற்பேன். பதிவாளர் உங்களிடம் ஒரே கேள்விதான் கேட்பார். இது உங்கள் பிள்ளையா என்பார். டாக்டரின் துண்டு அவருக்குத் தேவையில்லை, கப்சூல் கதையும் வேண்டாம். போய் விசாரித்தபோது அந்தப் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். தகப்பன் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. பெயரை எழுதலாம், இல்லாவிட்டால் வெறுமையாக விடலாம். இருக்கலாம் என்று எழுத அதில் இடம் இல்லை.

நீங்கள் சொல்வதை நான் பக்கத்தில் நின்று கேட்பேன். பசறைக்கு வருவதா, கொஸ்லந்தவிலேயே இருப்பதா என்பதை அதன் பிறகு நான் முடிவு செய்வேன். தலைவரும் அத்தையும் முடிவு செய்தது போதும்.

பதினொரு மணிக்கு மேல் காத்திருக்க மாட்டேன். வெயில் ஏறினால் பிள்ளை அழுவாள்.

மரகதம்